எட்டு மணிச் சோறு, பன்னிரண்டு மணிப் பிரியாணி

சென்னை ராயப்பேட்டையில் இன்று இரவு பதினொன்றரைக்குப் பசி எடுத்தால் கவலை இல்லை. கைபேசியில் நாலு தட்டுத் தட்டினால் பிரியாணிப் பொட்டலம் வாசலுக்கு வந்துவிடும். அறுபது வருடங்களுக்கு முன் அதே தெருவில், அதே நேரத்தில் பசித்தவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர்தான் கதி. மிஞ்சிப் போனால், இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்களை நம்பி அடுப்பை அணைக்காமல் வைத்திருக்கும் டீக்கடை ஒன்று இருக்கும்.

சாப்பாடு மாறிப்போனதைப் பற்றி நாம் நிறையவே பேசுகிறோம். கம்பும் கேழ்வரகும் போனது, பட்டை தீட்டிய அரிசி வந்தது, மைதா புகுந்தது, எண்ணெய் ஏறியது என்று பட்டியல் நீளும். அதெல்லாம் என்ன தின்கிறோம், எவ்வளவு தின்கிறோம் என்கிற கணக்கு. எப்போது தின்கிறோம் என்கிற கணக்கை வீட்டிலும் போட்டதில்லை, ஆஸ்பத்திரியிலும் அதிகம் கேட்டதில்லை. மூலக்கூறு உயிரியலாளர்கள் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்டதைக் கையில் வைத்துக்கொண்டு ராயப்பேட்டையைப் பார்த்தால், இங்கே பண்டத்துக்குச் சற்றும் குறையாமல் வேளையும் மாறியிருப்பது தெரியும்.

அடுப்பும் விளக்கும் வைத்த நேரம்

1950கள், 60களின் ராயப்பேட்டையில் மணி சொல்ல ஆட்கள் பலர் இருந்தார்கள். அமீர் மகாலைச் சுற்றியுள்ள பள்ளிவாசல்களில் விடியுமுன் பாங்கு கேட்கும். ஜாம் பஜாருக்குக் காய்கறி இருட்டோடு வந்து இறங்கும். வெஸ்லி பள்ளியில் மணி அடிப்பார்கள், 1911 முதல் இயங்கும் அரசு மருத்துவமனையில் நர்சுகள் டூட்டி மாறுவார்கள், மாலையில் சினிமாக் கொட்டகை வாசலில் முதல் ஆட்டத்துக்குக் கூட்டம் சேரும். 1930களில் கனி அண்ட் சன்ஸ் கடிகார நிறுவனத்தார் அமைத்த மணிக்கூண்டு நாற்சந்தியில் நின்றது. அதை அண்ணாந்து பார்க்காமலேயே மணி தெரிந்தவர்கள்தான் அதிகம்.

சாப்பாடும் இந்த வரிசையில் ஓடியது. விடிந்ததும் ஒரு டம்ளர் காப்பி, இல்லையென்றால் பழைய சோறும் வெங்காயமும். ஆபீசுக்குப் போகிறவர் வீட்டில் ஒன்பதரைக்கே குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு. மூன்று மணிக்கு டிபன். இரவு ஏழரை, எட்டுக்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்கள். ஓட்டல்களும் இதற்குக் கட்டுப்பட்டவைதான். 1938இல் கே. கிருஷ்ணா ராவ் ராயப்பேட்டையில் தொடங்கிய உட்லண்ட்ஸ் போன்ற பெரிய இடமானாலும் சரி, சந்துமுனை உடுப்பி கிளப் ஆனாலும் சரி, டிபனுக்கு ஒரு நேரம், சாப்பாட்டுக்கு ஒரு நேரம். நடுப்பகலில் போய் தோசை கேட்டால், "மூணு மணிக்கு வாங்க சார்" என்று பதில் வரும்.

இரவில் கதையே வேறு. விறகடுப்பு, கரியடுப்பு, அதிகம் போனால் மண்ணெண்ணெய் ஸ்டவ். பிரிட்ஜ் என்பது பெரிய பங்களாக்களின் சமாசாரம். மிஞ்சிய சோற்றில் தண்ணீரை ஊற்றி மூடினால் அன்றைய அடுப்படி முடிந்தது. மறுபடி ஒரு வாய் வேண்டுமென்றால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அந்த நேரத்தில் அது யாரால் ஆகும்? எட்டு மணிக்கும் மறுநாள் காலை ஆறு மணிக்கும் நடுவே வயிற்றுக்குப் பத்து மணி நேரம் ஓய்வு கிடைத்தது. யாரும் அதை விரதமென்று எண்ணி இருக்கவில்லை. முன்னோர் எல்லாம் தெரிந்தே செய்தார்கள் என்று அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தவும் வேண்டாம். அடுப்பு இல்லை, கடை இல்லை, விளக்கு வெளிச்சம் கொஞ்சம், ஆகவே சாப்பிடவில்லை.

எல்லோருக்கும் இப்படி அமைந்ததா என்றால், இல்லை. எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் நாளிதழ் அச்சாகும் நேரம் ஊர் தூங்கும் நேரம்தான். அச்சுக்கோத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், இரவு நர்சுகள், காவலாளிகள் எல்லோருக்கும் அன்றும் நள்ளிரவில்தான் டிபன் பெட்டி திறந்தது. ஆனால் அவர்கள் சிறுபான்மை. ஊரின் பொது வேளைக்கு வெளியே நின்றவர்கள் என்று எல்லோருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

மெரினா மணலில் ஒரு நண்டு

ராயப்பேட்டையிலிருந்து பைகிராப்ட்ஸ் சாலையில், அதாவது இன்றைய பாரதி சாலையில், நேர் கிழக்கே போனால் கடற்கரை. அங்கே அலை வந்து வழியும் ஈர மணலில் பின்பக்கமாகவே புதைந்துகொள்ளும் முட்டை வடிவச் சிறு நண்டு ஒன்று உண்டு. விலங்கியலில் அதன் பெயர் எமரிட்டா ஏசியாட்டிகா. நமது கதையின் அறிவியல் பாதி அந்த நண்டிலிருந்து தொடங்குகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளம் ஆய்வாளராக இருந்த எம்.கே. சந்திரசேகரன், அந்த நண்டைக் கடலிலிருந்து பிரித்து ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கே அலை இல்லை, கடலின் ஏற்றவற்றம் இல்லை. இருந்தும் நண்டின் நடமாட்டம் கடலின் ஏற்றவற்றக் கணக்குப்படியே கூடிக் குறைந்தது. கூடவே இரவு பகல் கணக்கும் அதில் தெரிந்தது. அவர் அளந்தது நடமாட்டத்தை மட்டுமல்ல. நண்டு எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்பதையும் அளந்தார். அதுவும் அதே தாளத்தில் ஏறி இறங்கியது. 1965இல் ஒரு ஜெர்மன் ஆய்விதழில் அந்தக் கட்டுரை வெளியானது.

ஆக்சிஜன் செலவு என்பது உடல் எவ்வளவு எரிபொருளை எரிக்கிறது என்பதற்கான அளவுகோல். ஆகவே, உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது, அது உறக்கத்தையும் விழிப்பையும் மட்டுமல்லாமல் எரிபொருள் செலவையும் நடத்துகிறது என்கிற பாடம் நம் ஊர் மணல் நண்டிலேயே கிடைத்திருந்தது. நாள் தாளம் என்ற துறைக்குச் சர்வதேச அறிவியலில் பெயர் சூட்டப்பட்டு அப்போது பத்து ஆண்டுகூட ஆகவில்லை. அமெரிக்காவில் பிரான்ஸ் ஹால்பெர்க் அந்தப் பெயரைக் கொண்டுவந்தது 1959இல்.

சந்திரசேகரன் பிறகு ஜெர்மனியின் டூபிங்கனில் பழ ஈக்களை ஆராய்ந்தார். 1975இல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, இந்தியாவில் காலவுயிரியல் என்ற துறையையே வளர்த்தெடுத்தார். 1979இல் பட்நாகர் விருது பெற்றார். வெயிலும் கடிகாரமும் செய்தித்தாளும் எட்டாத தனியறையில் மனிதர்களை நாள் கணக்கில் இருக்கவைத்து அவர்களின் உறக்கம் விழிப்பைப் பதிவு செய்தார். 2009இல் மறைந்தார். அவருடைய மதுரை வௌவால்களிடம் சற்று நேரத்தில் வருவோம்.

கல்லீரலுக்குத் தனிக் கடிகாரம்

கடிகாரம் இருக்கிறது என்று தெரிந்தாலும், அது எதனால் ஆனது என்று தெரிய நாளாயிற்று. 1971இல் கலிபோர்னியாவில் ரொனால்ட் கொனோப்காவும் சீமூர் பென்சரும் நேரம் தப்பிய பழ ஈக்களைப் பிடித்து, ஒரே மரபணுவில் நேரும் பிசகு ஈயின் நாளையே நீட்டும், குறுக்கும், இல்லாமலும் ஆக்கும் என்று காட்டினார்கள். 1984இல் அந்த மரபணு தனியே பிரித்தெடுக்கப்பட்டது. அந்த வழியில் சென்ற ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

அவர்கள் கண்ட பொறியமைப்பு, சென்னை வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் இருப்பதுதான். மோட்டார் ஓட ஓடத் தொட்டி நிறையும். நிறைந்ததும் மிதவை ஏறி மோட்டாரை நிறுத்தும். தண்ணீர் செலவாகி மிதவை இறங்கினால் மோட்டார் மறுபடி ஓடும். செல்லுக்குள் இரண்டு புரதங்கள் சேர்ந்து வேறு இரண்டு புரதங்களின் உற்பத்தியை ஓடவிடுகின்றன. உற்பத்தியானவை சேர்ந்து குவிந்ததும் தங்களை உண்டாக்கியவற்றையே அடக்கிவிடுகின்றன. அவை சிதைந்து தீர்ந்ததும் மறுபடி உற்பத்தி. இந்த ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம்.

முதலில், மூளையின் அடியில் கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே இருக்கும் சிறு நரம்புக் கொத்துதான் உடலின் ஒரே கடிகாரம் என்று நினைத்தார்கள். 1998இல் ஜெனீவாவில் யூலி ஷிப்லரின் ஆய்வுக்கூடம், தட்டில் வளர்த்த சாதாரண செல்களிலும் கடிகாரம் ஓடுவதைக் காட்டியது. 2000இல் அதே கூடம் இன்னொன்றையும் செய்தது. இரவில் தின்னும் எலிகளுக்குப் பகலில் மட்டும் தீனி போட்டார்கள். மூளையின் கடிகாரம் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. கல்லீரலின் கடிகாரமோ தீனி வரும் நேரத்துக்குத் திரும்பிக்கொண்டது. ஒரே உடலுக்குள் மூளை ஒரு நேரத்திலும் கல்லீரல் இன்னொரு நேரத்திலும் வாழ்ந்தன.

ராயப்பேட்டையில் பன்னிரண்டு மணிக்குப் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கிறவருக்கு இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம். மூளைக்கு நேரம் சொல்வது வெளிச்சம். கல்லீரலுக்கு நேரம் சொல்வது சோறு. இருட்டிய பிறகு மெலடோனின் சுரக்கத் தொடங்கும். கணையத்தின் செல்களிலும் அதை ஏற்கும் வாயில்கள் உண்டு. அந்த வாயிலுக்கான மரபணுவின் ஒரு வகை ரத்தச் சர்க்கரையோடு தொடர்புள்ளது என்று 2009இல் தெரிந்தது. சுருங்கச் சொன்னால், உடல் கடையைச் சாத்தும் நேரத்தில் சரக்கு வந்து இறங்கினால் இன்சுலின் மந்தமாகிறது, சர்க்கரை ரத்தத்தில் அதிக நேரம் தங்குகிறது. காலையில் தின்ற அதே இட்லிக்கு இரவில் சர்க்கரை கூடுதலாக ஏறும். 2009இல் ஹார்வர்டில் பிராங்க் ஷீர் குழு பத்துப் பேரின் உடல் நேரத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் எதிரெதிராகத் திருப்பிப் பார்த்தது. சில நாட்களிலேயே, ஆரோக்கியமான சிலருக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை நீரிழிவின் வாசற்படி வரை போனது.

இந்தத் துறையில் இன்று அதிகம் கேட்கும் பெயர்களில் ஒன்று சச்சிதானந்த பாண்டா. ஒடிசாவில் பிறந்தவர், கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் மூலக்கூறு உயிரியலாளர். கண்ணில் பார்வைக்கு அல்லாமல் நேரம் பார்ப்பதற்கென்றே இருக்கும் மெலனாப்சின் என்ற நிறமியைப் பற்றிய 2002ஆம் ஆண்டு ஆய்வுகளில் அவருக்குப் பங்கு உண்டு. 2012இல் அவருடைய குழு எலிகளை இரண்டாகப் பிரித்தது. இரு பிரிவுக்கும் ஒரே கொழுப்புத் தீனி. ஒரு பிரிவு நாள் முழுக்க எப்போது வேண்டுமானாலும் தின்னலாம். மற்றது இரவில் எட்டு மணி நேரம் மட்டும். இரண்டும் தின்ற மொத்த அளவு ஒன்றுதான். மூன்று மாதத்துக்கு மேல் போனதும், எந்நேரமும் தின்றவை கொழுத்து, கல்லீரலும் கெட்டு நின்றன. வேளைக்குத் தின்றவை பெரும்பாலும் தப்பின.

இன்று: யாரும் மணி சொல்லாத பேட்டை

ராயப்பேட்டையின் இரவு ஒரே நாளில் நீளவில்லை. 1974இல் சத்யம் திரையரங்கு வந்தது. 1975இல் சென்னைத் தொலைக்காட்சி. பிறகு எரிவாயு அடுப்பு, பிரிட்ஜ், நாலு நாள் மாவு. தொலைக்காட்சித் தொடர்கள் பெருகியபோது இரவுச் சோறு ஒன்பதரைக்கு நகர்ந்தது. தட்டு கூடத்துக்கு வந்தது. 2010இல், அச்சு இயந்திரங்கள் இரவெல்லாம் ஓடிய அதே எக்ஸ்பிரஸ் எஸ்டேட்டில் எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகம் திறந்தது. ஒரு காலத்தில் அந்த மனையில் இரவு வேலைக்காரர்கள் மட்டும் விழித்திருந்தார்கள். இப்போது அங்கே குடும்பம் குடும்பமாக வந்து, பத்து மணிக்கு மேல் கை கழுவுகிறார்கள்.

2019இல், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகளையும் நிறுவனங்களையும் வருடம் முழுவதும் 24 மணி நேரமும் திறந்து வைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு ஆணை போட்டது. பழைய மகாபலிபுரம் சாலைக் கணினி நிறுவனங்களுக்கு ராயப்பேட்டைச் சந்துகளிலிருந்து மாலையில் கிளம்பும் வண்டிகள், அமெரிக்கக் காலை நேரத்துக்கு வேலை செய்து விடிந்து திரும்புகின்றன. சோடியம் விளக்கின் மஞ்சள் போய், தெருவில் எல்இடியின் வெள்ளை வந்திருக்கிறது. கண்ணின் மெலனாப்சின் அதிகம் விழித்துக்கொள்வது நீல ஒளிக்குத்தான். தெருவிளக்கைவிட, படுக்கையில் முகத்துக்கு நேரே பிடித்திருக்கும் திரையும் அறை விளக்கும்தான் பெரிய குற்றவாளிகள்.

இவற்றின் கூட்டு விளைவு என்ன? 2015இல் பாண்டாவும் சுப்ரோஸ் கில்லும் அமெரிக்காவில் சுமார் 150 பேரிடம், வாயில் போடும் எதையும் கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நாளின் முதல் வாய்க்கும் கடைசி வாய்க்கும் நடுவே 15 மணி நேரம் அல்லது அதற்கும் மேல். மாலை ஆறுக்குப் பிறகே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலோரி உள்ளே போனது. காலை, மதியம், இரவு என்ற மூன்று வேளையே அங்கே கரைந்துபோயிருந்தது. 2017இல் இந்தியாவில் இதே முறையில் செய்த ஆய்வும் ஒழுங்கற்ற சாப்பாட்டு நேரத்தைத்தான் கண்டது.

ராயப்பேட்டைக் கணக்கைப் போட ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஐந்தரைக்குச் சர்க்கரை போட்ட காப்பி, பதினொன்றுக்கு வடை, நாலுக்குப் பஜ்ஜி, இரவு பதினொன்றரைக்குப் பிரியாணி என்றால் பதினெட்டு மணி நேரம். கல்லீரலுக்கு மிச்சம் ஆறு.

எண்கள் எதுவரை பேசும்

ராயப்பேட்டையை ஒட்டிய கோபாலபுரத்தில் 1991 முதல் டாக்டர் வி. மோகனின் நீரிழிவு மருத்துவமனை இருக்கிறது. அவருடைய தந்தை எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர். மோகனின் ஆய்வு அறக்கட்டளை 2001இல் தொடங்கிய கணக்கெடுப்பில் சென்னையில் 26,001 பேரைப் பரிசோதித்தார்கள். சென்னைப் பெரியவர்களிடையே நீரிழிவு 1989இல் 8.3 விழுக்காடு, 1995இல் 11.6, 2000இல் 13.5, 2004இல் 14.3 என்று ஏறியதை அது காட்டியது. 1970களின் தொடக்கத்தில் இந்திய நகரங்களுக்கான கணக்கு 2 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து அதே அறக்கட்டளை நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி தமிழ்நாடு முழுவதற்கும் 14.4.

இந்த ஏற்றத்தைச் சாப்பாட்டு நேரத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. நடை குறைந்தது, எடை கூடியது, தட்டில் வெள்ளைச் சோறு பாதிக்கு மேல் நின்றது, பரம்பரை வாகு இருந்தது, ஆயுள் நீண்டது, பரிசோதனை பெருகியது. நேரம் இவற்றில் ஒன்று. ஆனால் மற்றவற்றையெல்லாம் எண்ணிய நாம் இதை எண்ணவே இல்லை என்பதுதான் வேறுபாடு. அமெரிக்காவில் ஏறத்தாழ 1,77,000 நர்சுகளை இருபது ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. மாறி மாறி இரவு டூட்டி பார்த்த வருடங்கள் கூடக் கூட அவர்களின் நீரிழிவு ஆபத்தும் கூடியது. அந்த ஆபத்தில் ஒரு பகுதிக்கு உடல் எடை காரணம். மீதி எடையால் மட்டும் விளக்க முடியாதது.

வேளைக் கட்டுப்பாடு எல்லாவற்றுக்கும் மருந்தும் அல்ல. நீரிழிவின் விளிம்பில் இருந்த எட்டு ஆண்களை ஐந்து வாரம் பிற்பகல் மூன்று மணிக்குள் சாப்பாட்டை முடிக்கச் செய்தபோது, எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது என்கிறது 2018ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வோ, கலோரியைக் குறைத்தவர்களில் வேளை பார்த்தவர்களுக்கும் பார்க்காதவர்களுக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது. எலியில் பளிச்சென்று தெரிந்தது மனிதரில் மங்கலாகத்தான் தெரிகிறது. இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பட்டினி நேரத்தை நீட்டினால் மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

ஊரே சேர்ந்து மாறும் மாதம்

ராயப்பேட்டையின் வேளை வருடத்துக்கு ஒரு மாதம் தலைகீழாகும். ரமலானில் விடியுமுன் சஹர், பகலெல்லாம் நோன்பு, பொழுது சாய்ந்ததும் பேரீச்சம்பழம், பள்ளிவாசலில் அண்டா அண்டாவாகக் கஞ்சி. ஜாம் பஜார்ப் பக்கம் கடைகள் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும். தெரிந்த மருத்துவர்கள் அந்த மாதம் தொடங்குமுன்பே மாத்திரை வேளையை மாற்றி எழுதிக் கொடுப்பார்கள். இதற்கு நேர் எதிர்ப்பக்கம் சமணர் வழக்கம்: பொழுது சாய்ந்த பின் உண்பதில்லை. ஒன்று இருட்டில் உண்ணும் மாதம், மற்றது இருட்டில் உண்ணாத வாழ்க்கை. இரண்டுக்கும் பொதுவானது, அந்த நேரத்தைத் தனி ஆள் வைக்கவில்லை என்பதுதான்.

மதுரை வௌவால்கள் இங்கேதான் வருகின்றன. 1978இல் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் இருவருடன் சந்திரசேகரன் வெளியிட்ட ஆய்வு அது. வெளிச்சம் எட்டாத குகையின் உள்ளே ஒரு வௌவாலைக் கூண்டில் வைத்தார்கள். சூரியன் எப்போது எழுந்தது, விழுந்தது என்று அதற்குத் தெரிய வழியில்லை. சுற்றிலும் அதன் இனக் கூட்டம் மாலையில் வெளியே பறந்து, விடியலில் திரும்பிக்கொண்டிருந்தது. கூண்டு வௌவாலின் பரபரப்பு கூட்டத்தின் நேரத்தோடு பிசகாமல் ஒட்டி நின்றது. கூட்டம் இல்லாத இடத்தில் வைத்தபோது அதன் நாள் 24 மணியிலிருந்து நழுவிப்போனது. சூரியனைக் காணாத உயிருக்குச் சுற்றத்தாரே நேரம் சொன்னார்கள்.

மனிதரை வௌவாலோடு நேருக்கு நேர் பொருத்திவிட முடியாது. நமக்கு வெளிச்சம்தான் முதல் நேரங்காட்டி. ஆனாலும் பழைய ராயப்பேட்டையில் எட்டு மணிச் சோற்றைக் காத்தது அவரவர் மன உறுதி அல்ல. சாத்திய கடையும், அணைத்த அடுப்பும், பக்கத்து வீட்டு விளக்கு அணைவதும் சேர்ந்து காத்தன. இன்று ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒன்பது, மகளுக்கு ஷிப்டு முடிந்து இரண்டு, மகனுக்குக் கைபேசி சொல்லும் நேரம் என்று ஆளுக்கொரு வேளை.

யாருக்கு எட்டு மணி?

ஆகவே "ஏழு மணிக்குள் சாப்பிடுங்கள்" என்று தனி ஆளுக்குச் சொல்லும் அறிவுரையில் ஓர் அநியாயம் இருக்கிறது. சமைக்க ஆள் வைத்திருப்பவரும், ஐந்தரைக்கு வேலை முடிகிறவரும் அதைச் செய்யலாம். அவர்களின் பக்கத்து வீட்டுக்கு நள்ளிரவுப் பிரியாணியைத் தூக்கிக்கொண்டு வரும் இளைஞரைக் கேட்டுப் பாருங்கள். ஆர்டர் குவியும் நேரம்தான் வருமானம். அவர் சாப்பிட உட்காரும்போது மணி ஒன்றைத் தாண்டியிருக்கும். அரசு மருத்துவமனையின் இரவு நர்சுக்கும், வணிக வளாகக் காவலாளிக்கும், மெட்ரோ சுரங்க வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுத் தொழிலாளிக்கும் அதே கதைதான்.

இரவு வேலை ஒழியப்போவதில்லை. ஆனால் அதற்குள்ளும் வழி இருக்கிறது. 2021இல் ஷீர் குழு 19 பேரை இரவு வேலைக்காரர் போல வாழவைத்தது. இரவிலும் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை 6.4 விழுக்காடு ஏறியது. பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. 2022இல் பாண்டாவின் குழு, 24 மணி நேர ஷிப்டு பார்க்கும் சான் டியாகோ தீயணைப்பு வீரர்கள் 137 பேரை ஆராய்ந்தது. அவர்களில் ஒரு பிரிவு மூன்று மாதம் சாப்பாட்டைப் பத்து மணி நேரத்துக்குள் வைத்துக்கொண்டது. முன்பே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கூடியிருந்தவர்களுக்கு அவை குறைந்தன. இப்படிப்பட்ட வேலையிலும் முடியும் என்பதே அந்த ஆய்வின் முதல் செய்தி.

ராயப்பேட்டைக்கு இதைக் கொண்டுவருவதென்றால் தொடங்க வேண்டிய இடம் சமையலறை அல்ல. ஷிப்டுக்குப் போகுமுன் மாலையிலேயே சூடாகச் சாப்பாடு போடும் கேன்டீன், வாரத்துக்கொரு முறை நேரத்தைப் புரட்டிப் போடாத டூட்டி அட்டவணை, பொட்டலம் தூக்குகிறவருக்கு எட்டு மணிக்கு அரை மணி நேரக் கூலியோடு இடைவேளை. சர்க்கரை நோயாளியிடம் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்கும் மருத்துவர், "எத்தனை மணிக்கு?" என்றும் சேர்த்துக் கேட்டால், பதிலில் பாதி அவருடைய முதலாளியைப் பற்றியதாக இருக்கும். வேளைக்குச் சோறு ஒரு காலத்தில் ஏழை, பணக்காரர் என்று பாராமல் பேட்டையில் பெரும்பாலோருக்கும் வாய்த்தது, வேறு வழி இல்லாததால். இன்று அது வேலை நேரத்தைக் கையில் வைத்திருப்பவருக்கு மட்டும் வாய்க்கிறது. அதைத் திருப்பித் தருவது மருந்துச் சீட்டால் ஆகாது. வேலை அட்டவணை எழுதுகிறவர்கள் மனது வைக்க வேண்டும். மனது வைக்காவிட்டால் சட்டம் கேட்க வேண்டும்.